மாநில வாரிசுரிமைச் சட்டமும் பொதுச் சட்டத் தொகுப்பும்: திருவிதாங்கூர்க் கிறித்தவர் சட்டத்தின் வரலாறு

முன்னுரை

ஒரு நாட்டில் வழங்கும் வட்டாரச் சட்டங்களைப் பொதுச் சட்டத் தொகுப்பு ஒன்றினுள் கொண்டுவருதல் எளிய செயல் போலத் தோன்றும். பழைய சட்டத்தை நீக்கவும் பொதுச் சட்டத்தை விரிவாக்கவும் இரண்டு பிரிவுகளை எழுதினால் போதும் என்று கருதப்படுவதும் உண்டு. வாரிசுரிமைத் துறையில் அவ்வாறு நிகழ்வதில்லை என்பதற்குத் திருவிதாங்கூர்க் கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டத்தின் வரலாறு தக்க சான்றாகும். 1916இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தின் இடத்தில் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. ஆனால் அவ்வறிவிப்பு வெளியான ஆண்டு 1986. இடைப்பட்ட 35 ஆண்டுகளில் இறந்தவர்களின் சொத்துகள் பெரும்பாலும் பழைய சட்டத்தையொட்டியே பங்கிடப்பட்டு வந்தன.

அச்சட்டம் தோன்றிய சூழல், அது நீங்கிய முறை, நீங்கிய பின்னர் உயிலும் உயில் மெய்ப்பிதழும் பெற்ற முதன்மை ஆகியவற்றை இக்கட்டுரை வரிசைப்படுத்தி ஆராய்கிறது. சட்டத்தின் ஒருமையும் பங்கின் சமத்துவமும் ஒன்றல்ல என்பது இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவாகும்.

வழக்காறுகள் சட்டமான காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆங்கிலேய இந்தியாவில் வாழ்ந்த இந்தியக் கிறித்தவர்களுக்கெனத் தனியான வாரிசுரிமைச் சட்டம் இல்லை. மதம் மாறியவரின் சொத்து எச்சட்டத்தின்படி இறங்கும் என்ற வினா சென்னை மாகாணத்தின் பெல்லாரியைச் சேர்ந்த ஆபிரகாம் குடும்ப வழக்கில் எழுந்தது. இலண்டன் பிரிவி கவுன்சில் 1863இல் அவ்வழக்கைத் தீர்த்தது. மதம் மாறிய ஒருவர் தம் பழைய வழக்காற்றைத் தொடரவும் செய்யலாம், விட்டுவிடவும் செய்யலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். வாரிசுரிமை இவ்வாறு ஒவ்வொரு குடும்பத்தின் நடத்தையைச் சார்ந்திருந்த நிலையை 1865ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் மாற்றியது. உயில் எழுதாமல் இறந்த கிறித்தவரின் பிள்ளைகள் ஆண், பெண் என்ற வேறுபாடின்றிச் சமமாகப் பங்கு பெறுவர் என்று அது வகுத்தது. அச்சட்டமும் உயில் தொடர்பான வேறு சில சட்டங்களும் ஒன்றாகத் தொகுக்கப்பட்டு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் உருவாயிற்று.

திருவிதாங்கூர் அரசு இதற்கு மாறான வழியைப் பின்பற்றியது. அங்கு ஒவ்வொரு சமூகத்தின் வழக்காறும் தனித்தனிச் சட்டமாக எழுதப்பட்டது. நாயர்களுக்கு 1912இலும் மீண்டும் 1925இலும், ஈழவர்களுக்கு 1925இலும், நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கு 1926இலும் சட்டங்கள் பிறந்தன. கிறித்தவர்களுக்கான 1916ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வரிசையில் ஒன்று. கொல்லம் ஆண்டு 1092இன் இரண்டாம் சட்டம் என்று அது குறிக்கப்படும். அண்டை நாடான கொச்சியும் 1921இல் தன் கிறித்தவக் குடிகளுக்குத் தனிச் சட்டம் இயற்றியது.

தமிழ் இலக்கிய வரலாற்றில் பயிற்சியுடையோர்க்கு இச்சட்டங்களுள் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தின் பின்புலம் நன்கு அறிமுகமானது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இயற்றிய ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ வாரிசுரிமை முறை ஒன்றையே பாடுபொருளாகக் கொண்ட நூல். ஒருவனுடைய சொத்து அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குச் செல்ல, மனைவியும் மக்களும் திகைத்து நிற்கும் நிலையை அது எள்ளலோடு காட்டுகிறது. அதே நாட்டில், ஏறத்தாழ அதே காலத்தில், மக்கள்வழியைப் பின்பற்றிய கிறித்தவக் குடும்பங்களில் இழப்பு வேறு வடிவில் அமைந்தது. அங்கே சொத்து மகனுக்குச் சென்றது. மகள் வெளியே நிறுத்தப்பட்டாள். முன்னதன் துயரம் இலக்கியமாகவும் பின்னர்ச் சீர்திருத்தச் சட்டமாகவும் உருப்பெற்றது. பின்னதோ சட்டத்தாலேயே உறுதிப்படுத்தப்பட்டது.

1916ஆம் ஆண்டுச் சட்டத்தின் அமைப்பு

இச்சட்டத்தின் மூன்று கூறுகள் குறிப்பிடத்தக்கன. முதலாவது, கைம்பெண்ணின் உரிமை. 24ஆம் பிரிவின்படி கைம்பெண்ணோ தாயோ அசையாச் சொத்தில் பெறுவது வாழ்நாள் உரிமை மட்டுமே. இறப்பினாலோ மறுமணத்தினாலோ அவ்வுரிமை முடிவுறும். அவள் அதனை விற்கவோ பிறருக்கு எழுதிவைக்கவோ இயலாது.

இரண்டாவது, மகளின் பங்கு. 28ஆம் பிரிவின்படி மகளுக்கு உரியது மகனுடைய பங்கின் மதிப்பில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய். இவற்றுள் எது குறைவோ அதுவே அவளுக்குக் கிடைக்கும். இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவர் 6 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்தை விட்டு, மனைவியும் ஒரு மகனும் ஒரு மகளும் இருக்க, உயில் எழுதாமல் இறந்தார் எனக் கொள்வோம். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்காக 2 இலட்சமும், எஞ்சியதில் மகனுக்கும் மகளுக்கும் தலைக்கு 2 இலட்சமும் சேரும். திருவிதாங்கூர்ச் சட்டத்தின்படி மகளுக்கு 5,000 ரூபாய் மட்டுமே கிடைக்கும். 1916இல் 5,000 ரூபாய் பெருந்தொகை. நிலத்தின் விலை பல மடங்கு உயர்ந்த பின்னரும் அத்தொகை மாற்றப்படவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அது பங்கு என்னும் பெயரளவில் நின்றதொரு தொகையாயிற்று.

மூன்றாவது, ஸ்திரீதனம். மகளுக்கு ஸ்திரீதனம் கொடுக்கப்பட்டிருந்தாலோ கொடுப்பதாக வாக்களிக்கப்பட்டிருந்தாலோ அந்த 5,000 ரூபாயையும் அவள் கோர முடியாது. ஸ்திரீதனம் என்பதற்கு அச்சட்டமே வரையறை தருகிறது. பெற்றோர் சொத்தின்மீது மகளுக்குள்ள உரிமைக்கு ஈடாக அவளுக்கோ, அவள் பொருட்டுக் கணவனுக்கோ, கணவனின் பெற்றோருக்கோ கொடுக்கப்படும் பணமும் நகையும் பிறவும் ஸ்திரீதனம் ஆகும்.

இவ்வரையறை சொல்வரலாற்று நோக்கிலும் கருதத்தக்கது. பழைய தரும நூல்களில் ஸ்திரீதனம் பெண்ணுக்கே உரிய தனிச்சொத்தைக் குறித்தது. தமிழில் வழங்கும் சீதனம் என்பதும் இச்சொல்லின் திரிபே. யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலும் சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் எஞ்சிய சொத்தில் பங்கு கோருவதில்லை. எனினும் சீதனமாகப் பெற்ற நிலமும் நகையும் அவளுடையனவாகவே கருதப்பட்டன. திருவிதாங்கூர்ச் சட்டத்தில் பெண்ணின் தனம் என்னும் பெயர் நிலைத்திருக்க, அப்பொருள் கணவன் வீட்டாரின் கைக்குச் செல்வதும் ஏற்கப்பட்டது. ‘வாக்களிக்கப்பட்ட’ தொகையும் கொடுக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டமையால், ஒன்றும் பெறாத மகளும் உரிமையிழக்க நேர்ந்தது. 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் நாடு முழுமைக்குமாக இயற்றப்பட்ட பின்னர் இம்முரண் மேலும் கூர்மையடைந்தது. ஒரு சட்டம் குற்றம் என்று விலக்கிய கொடையை மற்றொரு சட்டம் பங்கு மறுப்புக்குக் காரணமாகக் கொண்டிருந்தது.

இச்சட்டம் கிறித்தவர் அனைவரையும் ஒரே அளவுகோலால் அளக்கவில்லை என்பதையும் சுட்ட வேண்டும். கருநாகப்பள்ளி, கொல்லம், சிறயின்கீழ், திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை முதலிய வட்டங்களில் வாழ்ந்த இலத்தீன் வழிபாட்டுமுறைக் கத்தோலிக்கருள் சில பிரிவினரிடமும், சீர்திருத்தச் சபையாருள் சில பிரிவினரிடமும் ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கு பெறும் வழக்காறு நிலவியது. 30ஆம் பிரிவு அவர்களுக்கு 24, 28, 29 ஆகிய பிரிவுகளிலிருந்து விலக்களித்தது. எனவே மகளுக்குப் பங்கில்லை என்பது அந்நாட்டுக் கிறித்தவர் அனைவர்க்கும் பொதுவான வழக்காறு அன்று. சமபங்கு என்பது ஆங்கிலேயச் சட்டத்தால் மட்டுமே அறிமுகமான புதுமையும் அன்று. எழுத்தில் வந்த சட்டம் ஒரு பிரிவினரின் வழக்காற்றைப் பொது விதியாகவும் மற்றொரு பிரிவினரின் வழக்காற்றை விலக்காகவும் ஆக்கியது.

1951: ஒரு சொல்லின்மேல் எழுந்த ஐயம்

திருவிதாங்கூரும் கொச்சியும் 1949 சூலை 1 அன்று இணைந்தன. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது இணைந்த அம்மாநிலம் ‘ஆ’ பகுதி மாநிலங்களுள் ஒன்றாயிற்று. முன்னைய சமத்தானப் பகுதிகளில் மையச் சட்டங்களை விரிவாக்கும் பொருட்டு ‘ஆ’ பகுதி மாநிலங்கள் சட்டம் 1951 இயற்றப்பட்டது. அதன் அட்டவணையில் இடம்பெற்ற சட்டங்களுள் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் ஒன்று. இவ்வாறு விரிவாக்கப்படும் சட்டங்களுக்கு ‘நேரிணையான’ மாநிலச் சட்டங்கள் நீங்கும் என்று 6ஆம் பிரிவு கூறியது.

நீக்கப்படும் மாநிலச் சட்டங்களின் பெயர்களை அது பட்டியலிடவில்லை. எச்சட்டம் எதற்கு நேரிணையானது என்பதை நீதிமன்றங்களே தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின் வந்த 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தன் 4ஆம் பிரிவில் மேலோங்கு விதி ஒன்றை வெளிப்படையாக அமைத்துக்கொண்டதை இங்கு ஒப்புநோக்கலாம். தன்னொடு முரண்படும் எச்சட்டமும் எவ்வழக்காறும் செல்லாது என்று அது தெளிவாக உரைத்தது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தகைய தெளிவு அமையவில்லை.

இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் ஐயத்துக்கு இடமளித்தது. ‘தற்போது நடைமுறையிலுள்ள வேறு சட்டம்’ ஏதேனும் இருப்பின் அதற்குட்பட்டே இப்பகுதி பொருந்தும் என்னும் கருத்து அதன் இரண்டாம் உட்பிரிவில் உள்ளது. திருவிதாங்கூர்ச் சட்டமே அந்த ‘வேறு சட்டம்’ என்றும், அது காக்கப்பட்டுள்ளது என்றும் வாதிடப்பட்டது. குரியன் ஆகஸ்தி எதிர் தேவசி அலே என்ற வழக்கில் திருவிதாங்கூர்–கொச்சி உயர் நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்றது. 1957ஆம் ஆண்டுத் தொகுதியில் வெளியான அத்தீர்ப்பு நெடுங்காலம் வழிகாட்டியாக விளங்கியது. பொதுச் சட்டம் எல்லைக்குள் வந்தது. ஆனால் அதிலுள்ள காப்புவிதியே அதன் வழியை மறித்து நின்றது.

இவ்வினா கேரளத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. எல்லை மாறியபோது நிலத்தொடு பொருந்திய பழைய சட்டமும் உடன் வந்தது. திருவிதாங்கூர்ச் சட்டம் நீடிக்கிறதா என்னும் வினா 1970களில் சென்னை உயர் நீதிமன்றத்திலும் எழுந்து வாதிடப்பட்டது. ஒரே மாநிலத்தில் திருநெல்வேலிக் கிறித்தவருக்கு ஐயமின்றிப் பொருந்திய பொதுச் சட்டம், ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்ததும் வழக்குக்குரிய பொருளாக மாறியது.

1986ஆம் ஆண்டுத் தீர்ப்பு

கோட்டயத்தில் பள்ளி ஒன்றை நிறுவி நடத்திய கல்வியாளர் மேரி ராய் 1983இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு ஒன்றைத் தாக்கல் செய்தார். 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24, 28, 29 ஆகிய பிரிவுகள் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புக்கு முரணானவை என்பது அவருடைய முதன்மை வாதம். தலைமை நீதிபதி பி.என். பகவதியும் நீதிபதி ஆர்.எஸ். பாடக்கும் அமர்ந்த ஆயம் 1986 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பு சமத்துவம் பற்றிய வினாவுக்கு விடை கூறவில்லை. அதற்கு முற்பட்ட நிலையிலேயே வழக்கு முடிவுற்றது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் விரிவாக்கப்பட்டபோது அதே பொருளைப் பற்றிய திருவிதாங்கூர்ச் சட்டம் நேரிணையான சட்டமாகி முற்றிலும் நீங்கியது. நீங்கிய சட்டத்தை 29ஆம் பிரிவின் காப்புவிதி மீண்டும் உயிர்ப்பிக்காது என்பது நீதிமன்றத்தின் முடிவு. நீங்கிவிட்ட சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதா என்று ஆராய வேண்டிய தேவை எழவில்லை. பெண்ணுரிமை வரலாற்றில் பெரிதும் போற்றப்படும் இத்தீர்ப்பு, உண்மையில் ஒரு நீக்கல் விதியின் பொருள்கோடலைப் பற்றியதாகும்.

இத்தகைய முடிவுக்கு ஒரு பயனும் ஒரு சிக்கலும் உண்டு. பயன், மகள்களின் உரிமை 1951 ஏப்ரல் 1 முதலே இருந்து வந்ததாக ஆயிற்று. சிக்கலும் அதுவே. 35 ஆண்டுகளில் பழைய சட்டத்தை நம்பி எழுதப்பட்ட பாகப் பத்திரங்களும் விற்பனைகளும் வங்கி அடமானங்களும் ஐயத்துக்குள்ளாகும் என்ற அச்சம் எழுந்தது. பழைய சட்டத்தை முன்தேதியிட்டு ஏற்புடையதாக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது. 1994இல் கேரள அரசு அந்நோக்கில் மசோதா ஒன்றை உருவாக்கியது, அது சட்டமாகவில்லை. பதினைந்து நாள் அறிவிப்போடும் விளக்க அட்டவணையோடும் 1951இலேயே தீர்ந்திருக்கக்கூடிய ஒன்று, நாடாளுமன்றத்தின் சொற்சிக்கனத்தால் இரு தலைமுறைகளின் பூசலாக வளர்ந்தது.

உயில் என்னும் வாயில்

பொதுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் மகள்களின் நிலை மாறியதா என்பது அடுத்த வினா. சட்டம் சமபங்கு அளிப்பது உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மட்டுமே. உயில் எழுதுவோருக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் முழு உரிமையளிக்கிறது. ஒரு தந்தை தம் சொத்து முழுவதையும் மகனுக்கே எழுதிவைத்தால் அதனைத் தடுக்கும் விதி எதுவும் அதில் இல்லை. ஆங்கிலச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்து, ‘உயில்’ என்று தமிழ் ஒலிமரபில் முற்றக் கலந்துவிட்ட அச்சொல், இறந்தவரின் விருப்பத்தையே குறிக்கிறது. அவ்விருப்பம் பழைய வழக்காற்றையொட்டி அமையுமாயின், நீக்கப்பட்ட சட்டத்தின் விளைவு உயிலின் வழியாக மீண்டும் நிகழும்.

பிற சட்ட மரபுகளோடு ஒப்பிடும்போது இவ்வுரிமையின் அகலம் புலனாகும். இசுலாமியச் சட்டத்தின்படி ஒருவர் பொதுவாகத் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத இயலாது. கோவாவில் போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து தொடரும் உரிமையியல் சட்டத்தின்படி பாதிச் சொத்து மக்கள் முதலிய கட்டாய வாரிசுகளுக்கென ஒதுக்கப்படுகிறது. 2016இல் நடைமுறைக்கு வந்த கோவா வாரிசுரிமைச் சட்டமும் அம்மரபைப் பேணுகிறது. கோவாவில் கிறித்தவத் தந்தை மகளை முற்றிலும் விலக்குதல் எளிதன்று. கோட்டயத்தில் அது ஒரு தாளும் இரு சாட்சிகளும் இருந்தால் முடியக்கூடிய செயல்.

உயிலோடு விடுதலைப் பத்திரமும் சேர்த்து எண்ணத்தக்கது. திருமணத்தின்போதோ தந்தை இறந்த பின்னரோ, தன் பங்கை உடன்பிறந்தான் பெயருக்கு விட்டுக்கொடுப்பதாக மகள் கையெழுத்திடும் முறை பல சமூகங்களில் காணப்படுவதே. அவளுக்கு உரிமையே இல்லாத காலத்தில் அத்தகைய பத்திரம் தேவைப்படவில்லை. உரிமை உண்டு என்று சட்டம் கூறிய பின்னரே அதனைத் துறக்கும் ஆவணம் தேவையாகிறது.

மெய்ப்பிதழும் அதன் நீக்கமும்

உயில் முதன்மை பெற்றதும் அதன் உண்மையை ஆராயும் நடைமுறை முக்கியத்துவம் அடைந்தது. புரொபேட் எனப்படும் உயில் மெய்ப்பிதழ், உயில் முறைப்படி எழுதப்பட்டது என்று நீதிமன்றம் அளிக்கும் சான்றாகும். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவின்படி, மெய்ப்பிதழோ அதற்கொத்த நிருவாக உரிமை ஆணையோ பெறாமல் உயிலின் கீழான உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாதிருந்தது. இவ்விதி எல்லார்க்கும் ஒன்றாக இருக்கவில்லை. இசுலாமியரின் உயில்களுக்கு விலக்கு இருந்தது. இந்துக்களைப் பொறுத்தவரை பழைய வங்காள ஆளுகைப் பகுதியிலும், சென்னை, பம்பாய் உயர் நீதிமன்றங்களின் தொடக்கநிலை உரிமையியல் எல்லைக்குள்ளும் எழுதப்பட்ட உயில்களுக்கும், அங்குள்ள அசையாச் சொத்து பற்றிய உயில்களுக்கும் மட்டுமே அது பொருந்தியது. இந்தியக் கிறித்தவருக்கோ நாட்டின் எப்பகுதியிலும் மெய்ப்பிதழ் கட்டாயமாக இருந்தது. மதுரையில் வாழ்ந்த இந்து ஒருவரின் உயிலுக்குத் தேவைப்படாத சான்று, அதே தெருவில் வாழ்ந்த கிறித்தவரின் உயிலுக்குத் தேவைப்பட்டது.

இவ்வேறுபாட்டை முதலில் களைந்தது கேரளமே. மாநிலத் திருத்தம் ஒன்றின் வழியாக 1997இல் இந்தியக் கிறித்தவர்களுக்கு விலக்களிக்கப்பட்டது. 2001இல் கிளாரன்சு பாயிசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 213ஆம் பிரிவு செல்லும் என்றே தீர்ப்பளித்தது. எனினும் அடுத்த ஆண்டு, 2002இல், நாடாளுமன்றம் கேரளத்தைப் பின்பற்றி நாடு முழுவதும் அவ்விலக்கை விரிவாக்கியது. மாநிலச் சட்டம் பொதுத் தொகுப்புக்கு இணங்கிய வரலாற்றில் இது எதிர்த்திசையில் நிகழ்ந்த மாற்றம். இங்கே பொதுத் தொகுப்பே மாநிலத் திருத்தத்துக்கு இணங்கியது. 2003இல் ஜான் வள்ளமற்றம் வழக்கில், சமய, அறச் செயல்களுக்குக் கிறித்தவர் எழுதும் உயில்களைக் கட்டுப்படுத்திய 118ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் நீக்கியது. இறுதியாக, 2025ஆம் ஆண்டின் நீக்கல் மற்றும் திருத்தச் சட்டத்தால் 213ஆம் பிரிவே முழுமையாக விடப்பட்டது. மெய்ப்பிதழ் பெறும் வழி அடைபடவில்லை; அதன் கட்டாயம் நீங்கியது.

இம்மாற்றங்கள் சமயம் சார்ந்த வேறுபாட்டை அகற்றின என்பதில் ஐயமில்லை. மெய்ப்பிதழ் பெறுதல் செலவும் காலமும் மிகுந்த நடைமுறை. சிறு சொத்துடையோருக்கு அது சுமையாகவே இருந்தது. ஆயினும் அந்நடைமுறையில் ஒரு காவலும் இருந்தது. மெய்ப்பிதழ் மனு தாக்கலானால் சொத்தில் அக்கறையுடையோரை நீதிமன்றம் அழைக்கலாம். வாரிசு ஒருவர் முன்கூட்டியே தடைமனு அளித்து வைக்கலாம். உயிலை முன்வைப்பவரே சான்றொப்பச் சாட்சியைக் கொண்டு அதனை மெய்ப்பிக்க வேண்டும். ஐயத்துக்குரிய சூழல் இருப்பின் அதனை அகற்றும் பொறுப்பும் அவருடையதே என்பதை உச்ச நீதிமன்றம் 1958இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் வலியுறுத்தியது. விலக்கப்பட்ட மகள் உயிலின் உள்ளடக்கத்தை அறிந்துகொள்ள இது ஒரு வாய்ப்பாக இருந்தது.

கட்டாயம் நீங்கிய பின்னரும் வழக்கு எழுமாயின் உயிலை மெய்ப்பிக்கும் பொறுப்பு அதனை முன்வைப்பவரையே சாரும். ஆனால் வழக்கைத் தொடுக்க வேண்டியவர் மாறிவிடுகிறார். முன்னர் உயிலால் பயன்பெறுபவர் நீதிமன்றப் படியேற வேண்டும். இப்போது உயிலால் இழப்பவர் ஏற வேண்டும். உடன்பிறந்தானோடு வழக்காடத் தயங்கும் குடும்பச் சூழலில் இம்மாற்றம் சிறியதன்று.

முடிவுரை

திருவிதாங்கூர்க் கிறித்தவர் சட்டத்தின் வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன.

ஒன்று, பொதுச் சட்டத்தை விரிவாக்கும் சட்டம், தான் நீக்கும் மாநிலச் சட்டங்களைப் பெயர் சுட்டிக் கூற வேண்டும். ‘நேரிணையான’ என்னும் ஒரு சொல்லின் பொருளை அறிய 35 ஆண்டுகள் சென்றன. அவ்விடைவெளியின் விலையைச் சட்டம் இயற்றியவர்கள் தரவில்லை. பங்கு பெறாமலேயே இறந்த மகள்கள் தந்தனர்.

இரண்டு, பொதுத் தொகுப்பே முழுச் சமத்துவத்தின் வடிவமன்று. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, பிள்ளைகள் இன்றி இறந்தவரின் சொத்தில் மனைவி அல்லது கணவரின் பங்கு போக எஞ்சியது முழுவதும் தந்தைக்கே செல்லும். தந்தை இல்லாதபோதுதான் தாய்க்கு உரிமை உண்டு. அதனையும் இறந்தவரின் உடன்பிறந்தாரோடு அவள் பகிர்ந்துகொள்ள வேண்டும். மகளைச் சமமாக நோக்கிய சட்டம் தாயைச் சமமாக நோக்கவில்லை.

மூன்று, வாரிசுரிமைச் சீர்திருத்தம் உயிலைத் தொடாமல் முழுமை பெறாது. உயிலற்ற நிலைக்கு மட்டும் சமபங்கு விதித்து, உயிலுக்கு எல்லையற்ற உரிமையளித்து, உயிலைச் சரிபார்க்கும் கட்டாயத்தையும் நீக்கும்போது, சமபங்கு என்பது தந்தையின் மறதியையோ அன்பையோ சார்ந்த ஒன்றாகிவிடுகிறது.

2025 சனவரியில் உத்தராகண்டில் பொது உரிமையியல் சட்டம் நடைமுறைக்கு வந்ததைத் தொடர்ந்து, பொதுத் தொகுப்பு பற்றிய உரையாடல் மீண்டும் வலுப்பெற்றுள்ளது. அவ்வுரையாடலில் சமயங்களுக்கிடையேயான ஒருமையே பெரிதும் பேசப்படுகிறது. ஒரே குடும்பத்தில் பிறந்த மகனுக்கும் மகளுக்கும் இடையேயான சமநிலையை அவ்வொருமை தானாகவே உண்டாக்கிவிடாது என்பதைத் திருவிதாங்கூரின் ஒரு நூற்றாண்டு வரலாறு காட்டி நிற்கிறது. மேரி ராய் 2022 செப்டம்பர் 1 அன்று மறைந்தார். அவர் பெயரால் வழங்கும் தீர்ப்பு, உயிலின்றி இறந்த ஒவ்வொரு கிறித்தவரின் வீட்டிலும் மகளுக்கு உரிமையாக நிற்கிறது. உயில் எழுதப்பட்ட வீடுகளில் அவ்வுரிமை எவ்வாறு காக்கப்படும் என்பது சட்டம் இயற்றுவோர் முன் எஞ்சியுள்ள வினாவாகும்.